ஸ்லிப்பா, கூஃபா?

போன மாதம் இன்ஜினியர்கள் சங்கக் கட்டடத்தில், பாசனப் பிரிவில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசினேன். ஓய்வு பெற்றவன் பேசினால் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் துறையின் எழுதப்படாத விதி. நீங்களும் நன்றாகவே வைத்துக்கொண்டீர்கள். எல்லாம் முடிந்து போண்டா வருகிற சமயத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றார்.

"சார், ஒரு சந்தேகம். எங்க ஆபீஸ்ல நான் ஒரு அளவை மாத்தி எழுதிட்டேன். அதை ஸ்லிப்-அப்னு சொன்னாங்க. இன்னொருத்தர் வேற ஒண்ணு பண்ணினாரு. அதை கூஃப்-அப்னு சொன்னாங்க. அகராதியில பாத்தா ரெண்டுக்கும் தப்புன்னு ஒரே அர்த்தம்தான் போட்டிருக்கு. அப்புறம் ஏன் சார் எனக்கு மட்டும் மெமோ, அவரைப் பாத்து வெறும் சிரிப்பு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, "முதல்ல போண்டாவைச் சாப்பிடும்மா, ஆறிடப் போகுது" என்று மழுப்பிவிட்டேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு மனசு கேட்கவில்லை. அதே கேள்வியை அந்தப் பெண்ணின் வயதில் நானும் தூக்கிக்கொண்டு அலைந்தவன். இன்னும் இறக்கி வைத்தபாடில்லை. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், படித்து முடித்தால் தெளிவு பிறக்கும் என்று நம்பிப் படிக்காதீர்கள். எனக்கே பிறக்கவில்லை.

அந்த இரண்டு வார்த்தைகளையும் எங்கள் வட்டாரத்துக்குக் கொண்டுவந்தவர் எங்கள் பெரிய இன்ஜினியர். பெயர் வேண்டாம். அணைகளைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று அரசாங்கம் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஒரு கறுப்புக் கண்ணாடியும் இந்த இரண்டு வார்த்தைகளுமாகத் திரும்பி வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் கோபம் மூக்குநுனியில் உட்கார்ந்திருக்கும். எதிரில் நிற்கிறவன் வாயைத் திறக்கும் முன்பே அவனைப் பற்றி முடிவுகட்டிவிடுவார், அந்த முடிவும் பெரும்பாலும் சரியாகவே இருந்து தொலைக்கும்.

"கவனக்குறைவு, மெத்தனம், கடமை தவறுதல், இதெல்லாம் ஃபைலுக்கு எழுதற வார்த்தைய்யா. ஃபைலை மூடிவை. ஆளைப் புரிஞ்சுக்கணும்னா ரெண்டே வார்த்தை போதும்" என்பார்.

திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு செக்‌ஷனில் எங்கள் ஆள் ஒருவர், தினமும் காலையில் ஆற்றின் நீர்மட்டத்தைப் போனில் சொல்ல வேண்டியவர், ஒருநாள் முந்தைய நாள் அளவையே ஒப்பித்துவிட்டார். பெண் பார்க்கப் போகிற அவசரம் அவருக்கு. பிற்பாடு தெரிந்ததும் ஆள் நடுநடுங்கி, சாப்பிடாமல் வந்து நின்றார். பெரிய இன்ஜினியர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஸ்லிப்-அப். பொண்ணு பிடிச்சிருந்ததா? போய் வேலையைப் பாரு" என்று அனுப்பிவிட்டார்.

இன்னொருவர் இருந்தார். மந்திரி பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும் தன் செக்‌ஷனில் இருந்த மதகு ஷட்டர்களையெல்லாம் பளபளவென்று ஆக்கிவிட்டார். கிரீஸைத் துடைத்தெறிந்துவிட்டு, ஷட்டரைத் தூக்குகிற மரைத்தண்டுக்குக்கூட வெள்ளிப் பெயிண்ட். மந்திரி வந்தார், பாராட்டினார், போனார். மறுநாள் ஒரு ஷட்டரும் தூக்க வரவில்லை. மரைக்குள் பெயிண்ட் காய்ந்து இறுகிக்கிடந்தது. கடைமடைக்காரர்கள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். பெரிய இன்ஜினியர் அவரைக் கேட்டபோது அந்தப் புண்ணியவான் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. "எவ்வளவு அழகா இருந்துச்சு சார்! அதுல என்ன தப்பு?" என்றார்.

இந்த இரண்டு கதையையும்தான் பெரிய இன்ஜினியர் எங்களுக்குப் பாடமாகவே நடத்துவார். "ஸ்லிப்-அப் பண்ணினவன்கிட்டப் போயி, மறுபடி இதே நெலமை வந்தா என்ன செய்வேன்னு கேளு. ஐயோ சார், சத்தியமா செய்யமாட்டேன்ம்பான். கூஃப்-அப் பண்ணினவன்கிட்டக் கேளு. அதுல என்ன தப்புன்னு நம்மையே திருப்பிக் கேப்பான். மொதல் ஆளுக்குக் கை வழுக்கியிருக்கு, விட்டுடு. ரெண்டாவது ஆளுக்குப் புத்தியே வழுக்கியிருக்கு. அவனை மதகுப் பக்கமே விடாதே."

அவரிடம் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். விசாரணை அறிக்கை அவர் மேஜைக்குப் போனால், ஓரத்தில் இந்த இரண்டில் ஒரு வார்த்தையைப் பென்சிலால் எழுதுவார். ஸ்லிப் என்று எழுதினால் ஒரு எச்சரிக்கையோடு போகும். கூஃப் என்று எழுதினால் தண்டனை. நிரந்தரமாகாத ஆளாக இருந்தால் வேலையே போய்விடும். அந்தப் பெண்ணின் ஆபீசில் தலைகீழாக நடக்கிறது போலிருக்கிறது, அது வேறு விஷயம். எனக்கு அப்போது இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உலகத்துத் தப்புகளையெல்லாம் இரண்டு கூடையில் போட்டுவிடலாம் என்று நம்பிக்கொண்டு சைக்கிளில் சுற்றிவந்தேன்.

நான் அப்போது நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு செக்‌ஷனில் ஜூனியர் இன்ஜினியர், அதாவது ஜே.இ. கழக ஆட்சி வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. தஞ்சாவூர் ஜில்லா முழுக்கக் கூலித் தகராறு. அறுப்புக் கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள் என்று மிராசுதார்கள் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்குவார்கள். உள்ளூர்க்காரர்கள் வயலை மறிப்பார்கள். போலீஸ் வேன் புளியமரத்தடியில் நிற்கும். ஒவ்வொரு ஊரிலும் எப்போது என்ன நடக்குமோ என்று இருக்கும். எங்களுக்கு என்ன வந்தது, நாம் தண்ணீர்க்காரர்கள், எந்தப் பக்கமும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

என் செக்‌ஷனில் ஒரு வாய்க்கால். ஊரைச் சொல்லமாட்டேன். வாய்க்காலின் குறுக்கே தண்ணீரை நிறுத்தி விடுகிற மதகாக ஒரு ரெகுலேட்டர், அதற்குக் கைப்பிடி சுற்றி ஏற்றி இறக்குகிற ஒரு ஷட்டர். வடகரையை ஒட்டினாற்போல் ரெகுலேட்டருக்கு மேலேயும் கீழேயும் ஒரு பெரிய மிராசுதாரின் வயல்கள். தென்கரையில் அந்த வயல்களில் வேலை செய்கிறவர்களின் காலனி. காலனிக்காரர்களின் சுடுகாடு மட்டும் வடகரையில். பாலம் இருந்தது, இல்லாமலில்லை. ஆனால் அது ஊர்த்தெருவுக்குள் இருந்தது. ஊர்த்தெரு வழியாகக் காலனிப் பாடை போகக்கூடாது. அதனால் ரெகுலேட்டருக்குக் கீழே, மூங்கில் புதருக்கு அப்பால், வாய்க்காலுக்குள் இறங்கித்தான் கடக்க வேண்டும். பாசனக் காலத்தில் அங்கே மார்பளவு தண்ணீர் ஓடும்.

அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பாடை கரைக்கு வந்ததும் ஷட்டரை இறக்குகிற லஸ்கருக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் இறக்குவார். கீழே தண்ணீர் முழங்காலளவுக்கு வடியும். பாடை இறங்கும். புதர் மறைப்பதால் ரெகுலேட்டரில் நிற்கிற லஸ்கருக்கு எதுவும் தெரியாது, மேளம்தான் கேட்கும். பாடையும் ஆட்களும் அக்கரை ஏறியதும் மேளத்தின் அடி மாறும். அதைக் கேட்டு லஸ்கர் ஷட்டரைத் தூக்குவார். ஒரு பீடி குடிக்கிற நேரத்துக்குள் முடிந்துபோகும். எந்த விதிப்புத்தகத்திலும் இது கிடையாது. எனக்கு முன்பிருந்தவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் உத்தரவு போட்டதில்லை, யாரும் தடுத்ததுமில்லை.

அங்கே லஸ்கராக இருந்தவர் கலியமூர்த்தி. என்னைவிட வயதில் மூத்தவர். காலனிக்காரர் இல்லை, பக்கத்து ஊர்க்காரர். வருஷக்கணக்காகத் தற்காலிக வேலையிலேயே கிடந்து, நிரந்தர ஆர்டர் இன்று வரும் நாளை வரும் என்று காத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பாதி வார்த்தை மீசைக்குள்ளேயே நின்றுவிடும்.

அது புரட்டாசி. குறுவை முற்றி அறுப்புக்கு நின்றது. சம்பா நடவுக்காக வாய்க்கால் நிறையத் தண்ணீர். கூலித் தகராறில் ஊரே விறைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் காலனியில் ராசுவின் தகப்பனார் இறந்துபோனார். ராசு அங்கே விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் தலைவன். தகப்பனாரோ அந்த மிராசுதாரிடமே ஆயுள் முழுக்கப் பண்ணையாளாக இருந்தவர். மிராசுதார் கோடித்துணியும் மாலையும் கொடுத்தனுப்பினார். மகன் கொடி பிடிக்கிறான் என்பதற்காக அதை அவர் நிறுத்தவில்லை. அவரும் ஒரு மாதிரியான மனுஷன்தான், சும்மா சொல்லக்கூடாது.

மத்தியானம் பாடை புறப்பட்டது. கலியமூர்த்தி ஷட்டரை இறக்கினார். பாடை வாய்க்காலுக்குள் இறங்கியது. நடு வாய்க்காலில் போகும்போது அக்கரையில் மிராசுதாரின் காரியக்காரர், பண்ணை வேலைகளை மேற்பார்க்கிறவர், ஆட்களோடு வந்து மறித்துக்கொண்டு நின்றார். சுடுகாட்டுக்குப் போகிற வரப்பின் இரண்டு பக்கமும் முற்றின நெல். கொடி பிடிக்கிறவர்கள் சாவைச் சாக்காக வைத்துக்கொண்டு வயலில் இறங்கி மிதிக்கப் பார்க்கிறார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நாலு பேர் மட்டும் தூக்கிட்டுப் போங்க, மத்தவன் கரை ஏறக்கூடாது" என்றார். இவர்கள் ஒப்பவில்லை. புறப்பட்ட பாடையைத் திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. முழங்கால் தண்ணீரில் பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். மேளம் பழைய அடியிலேயே அடித்துக்கொண்டிருந்தது.

இந்தப் பக்கம் கலியமூர்த்தி ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறார். ஏன் மேளம் மாறவில்லை என்று அவருக்குத் தெரியாது. மேலே தண்ணீர் ஏறுகிறது. அளவுக்கல்லில் வெள்ளைக் கோட்டைத் தாண்டுகிறது. அந்தக் கோட்டுக்கு மேல் போனால் கரைக்கு ஆபத்து என்று அர்த்தம். அவர் தூக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ரெகுலேட்டருக்கு மேலே வடகரை உடைந்தது. மிராசுதாரின் குறுவை வயலுக்குள் தண்ணீர் பாய்ந்தது.

"உடைப்பு! உடைப்பு!" என்று சத்தம் கேட்டதும் மறித்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் வயலைப் பார்க்க ஓடிவிட்டார்கள். வழி திறந்தது. பாடை கரையேறியது. மேளம் மாறியது. கலியமூர்த்தி அப்போதுதான் ஷட்டரைத் தூக்கினார்.

இனி நீங்களே யோசித்துப் பாருங்கள். தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு இது எப்படித் தெரியும்? மறிக்கிறவர்களை விரட்ட வேண்டும் என்பதற்காகவே திட்டம் போட்டுக் கரையை உடைத்தது போலத்தானே தெரியும்! மிராசுதாருக்கும் வேண்டுமென்றே உடைத்ததாகத்தான் தெரிந்தது. ராசு பெயரையும் கலியமூர்த்தி பெயரையும் சேர்த்துப் போலீஸில் புகார் கொடுத்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது கதிரெல்லாம் தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தது. மிராசுதார் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். "இன்ஜினியர் தம்பி, கோடி அனுப்பினவன் நான். அந்தக் கெழவன் என் வயல்ல உழைச்சவன். அவன் பொணத்தை வச்சே என் வயலை முழுகடிச்சிட்டானுங்களே, இது அடுக்குமா, சொல்லுங்க" என்றார். குரல் உடைந்திருந்தது. பொய்யாக அழுகிற ஆள் இல்லை அவர்.

அவருடைய காரியக்காரரைக் கேட்டேன். அவர் கையைப் பிசைந்தார். "ஐயையோ, இப்படி ஆகும்னு தெரியாதுங்க சார். எவனோ ஏதோ சொன்னான், நானும் புத்திகெட்டுப் போய் நின்னுட்டேன். இனிமே சத்தியமா மறிக்கமாட்டேனுங்க" என்றார். பெரிய இன்ஜினியரின் கணக்குப்படி இது சுத்தமான ஸ்லிப்-அப்.

கலியமூர்த்தியை ரெகுலேட்டர் பக்கத்துக் கொட்டகைக்குக் கூப்பிட்டேன். நான் என் மனசுக்குள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஷட்டரைத் தூக்க மறந்துவிட்டார் என்று அறிக்கையில் எழுதிவிட்டால் போதும். மறதி என்றால் திட்டம் இல்லை, போலீஸ் புகார் நிற்காது. மறதி என்றால் ஸ்லிப், வேலையும் போகாது. ராசுவும் தப்பிப்பான். எவ்வளவு அருமையான யோசனை! என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"கலியமூர்த்தி, தூக்க மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மிச்சத்தை நான் எழுதிக்கறேன்."

"மறக்கலைங்களே ஐயா. கைப்பிடியிலதான் கையை வச்சிட்டு நின்னேன்."

"தண்ணி ஏறுனதைப் பாக்கலையா?"

"பாத்தேனுங்க. கரை தாங்காதுன்னும் தெரிஞ்சுதுங்க."

"அப்புறம் ஏன்யா தூக்கலை?"

"மேளம் மாறலைங்க."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "உங்களுக்கு வேலை வேணுமா வேண்டாமா? ஆர்டர் வர்ற நேரத்துல இப்படிப் பிடிவாதம் பிடிச்சா நான் என்னதான் பண்றது?"

அவர் துண்டை எடுத்து மீசையைத் துடைத்துக்கொண்டார். "மறந்துட்டேன்னு நீங்க எழுதினா அது காலனி வரைக்கும் போயிடுமுங்க. நாளைக்கு இன்னொரு சாவு விழுந்தா, பாடையோட தண்ணியில எறங்குறவன் என்னை நம்பி எப்படிங்க எறங்குவான்? நடு வாய்க்கால்ல ஆள் நிக்கறப்ப மறந்துபோனவன்தானேன்னு நெனைக்கமாட்டானா?"

மறுநாள் அவர் மனைவி என்னைத் தேடி ஆபீசுக்கே வந்துவிட்டார். வந்த வேகத்தில் பேச ஆரம்பித்தார். "அந்த மனுஷன் பொய் சொல்லத் துப்பில்லாதவருங்க. வீட்ல அரிசி இல்லைன்னாகூட வாங்க மறந்துட்டேன்னு சொல்லமாட்டாரு, வாங்கலைன்னுதான் சொல்லுவாரு. நீங்க படிச்சவங்க, நீங்களே மறந்துட்டாருன்னு எழுதிடுங்களேன். புள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்கங்க போவேன்?" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்து அழுதார். எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை. எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டீ வாங்கிவரச் சொன்னேன்.

கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதி மேலே அனுப்பினேன். எந்தக் கூடையில் போடுவது என்று மட்டும் எழுதவில்லை. அதைப் பார்த்த பெரிய இன்ஜினியர் தானே கிளம்பி வந்துவிட்டார்.

ரெகுலேட்டர் மேல் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பென்சிலை வெளியே எடுத்தார். நேராகக் கலியமூர்த்தியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"என்னப்பா, மறுபடி இதே மாதிரி ஒரு நெலமை வந்தா என்ன செய்வே?"

நான் பின்னாலிருந்து கண்ணால் கெஞ்சுகிறேன், மாட்டேன்னு சொல்லுய்யா என்று. கலியமூர்த்தி என் பக்கம் திரும்பவே இல்லை.

"இதேதாங்க செய்வேன். மேளம் மாறாம எப்படிங்க தூக்கறது? ஆளுங்க தண்ணிக்குள்ள நிக்கறாங்க, தோள்ல பாடை இருக்கு. தூக்கினா அவ்வளவு தண்ணியும் அவங்க மேலதான் போயி விழும். கரையை நாம திருப்பிக் கட்டிக்கலாம். அதுல என்ன தப்புங்க?"

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். சரியாக அந்த வார்த்தை. வெள்ளிப் பெயிண்ட் அடித்தவர் சொன்ன அதே வார்த்தை. பெரிய இன்ஜினியர் அறிக்கையைப் பிரித்து ஓரத்தில் பென்சிலை வைத்தார். வைத்தவர் எழுதவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புதருக்கு அப்பால் கையைக் காட்டி, "அங்கதான் கடப்பாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா சார்."

"ஒரு நடைபாலம் வேணும்னு அவங்க மனு எதுவும் கொடுக்கலையா?"

"கொடுத்திருக்காங்க சார். அடிக்கடி கொடுத்திருக்காங்க."

"நாம என்ன பதில் போட்டோம்?"

"பாசனத்துக்குத் தொடர்பில்லாத கோரிக்கைன்னு போட்டோம் சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"தொடர்பு இல்லைதானே? சரியாத்தானே எழுதியிருக்கோம். அதுல என்ன தப்பு?" என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. கலியமூர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை, அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். பெரிய இன்ஜினியர் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். ஜீப்பில் ஏறும்போது, "எனக்கு ஒண்ணும் புரியலைய்யா" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன்னால் கேட்டதே கிடையாது. எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

போகிற வழியில் மிராசுதார் வீட்டில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். "கேஸை நடத்துங்க, வேண்டாங்கலை. ஆனா பாடையை யாரு மறிச்சாங்கறதையும் நாங்க எழுதித்தான் ஆகணும். பேப்பர்ல வரும்" என்றார். மிராசுதாருக்கு மறித்த விஷயமே அப்போதுதான் முழுசாகத் தெரியும் போலிருக்கிறது. காரியக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கோடி அனுப்பினேனே சார்" என்று மட்டும் மறுபடியும் சொன்னார் மிராசுதார். அந்த வாரமே புகாரை வாபஸ் வாங்கிவிட்டார். ராசுவும் கலியமூர்த்தியும் ஜெயிலுக்குப் போகவில்லை.

கலியமூர்த்தியின் வேலை போகவில்லை. ஆனால் அவரை யாரும் வாய்க்காலைக் கடக்காத ஒரு கடைமடை ரெகுலேட்டருக்கு மாற்றிவிட்டார்கள். கூடவே, ஜே.இ.யின் உத்தரவில்லாமல் ஷட்டரைத் தொடக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இரண்டிலும் பெரிய இன்ஜினியரின் கையெழுத்துத்தான். இவர் அவரைக் காப்பாற்றினாரா, தண்டித்தாரா? இன்னொன்றும் என்னைக் குடைந்தது. அன்றைக்கு வடகரை உடைந்ததால் போனது நெல். எதிர்க்கரை உடைந்திருந்தால் காலனிக் குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். அப்போதும் கலியமூர்த்தி செய்தது சரி என்று நான் சொல்லியிருப்பேனா? நல்லவனைப் பார்த்தால் கூஃப் என்கிறது அந்தக் கணக்கு. பாடையை மறித்தவனை ஸ்லிப் என்கிறது. கணக்கே கூஃபோ என்றுகூட யோசித்தேன்.

ஐப்பசியில் நல்ல மழை. வாய்க்கால் கரைக்குக் கரை ஓடியது. ஒருநாள் காலையில் ராசு என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"சார், காலனியில ஒரு சாவு. புது லஸ்கர் ஷட்டரைத் தொடமாட்டேங்கறாரு. உங்க உத்தரவு வேணுமாம்."

பெரிய இன்ஜினியருக்குப் போன் போட்டேன், ஆள் வெளியூர் கேம்ப் போயிருந்தார். எழுத்தில் உத்தரவு கொடுத்தாலும், நாளைக்கு ஏதாவது ஆனால் ஷட்டரைத் தொட்ட புது லஸ்கர் தலையில்தான் விடியும். "நீ போ, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். புது லஸ்கரைத் தள்ளி நிற்கச் சொன்னேன். நானே ஷட்டரை இறக்கினேன்.

மேளம் கேட்டது. கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வெள்ளைக் கோடு வரைக்கும் பொறுக்கலாம், அதைத் தாண்டினால் தூக்கிவிட வேண்டும் என்று உறுதியாக நினைத்துக்கொண்டேன். படித்த இன்ஜினியர் இல்லையா, ஒரு வரம்பு வேண்டாமா? தண்ணீர் மழைத் தண்ணீர், கடகடவென்று ஏறியது. வெள்ளைக் கோட்டைத் தொட்டது. மேளம் மாறவில்லை. புதருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. மறுபடியும் யாராவது மறிக்கிறார்களா, கால் வழுக்கி யாராவது விழுந்துவிட்டார்களா? தண்ணீர் கோட்டைத் தாண்டியது. புது லஸ்கர், "சார், தூக்குங்க சார், தாங்காது சார்" என்று கத்தினார். என் கை கைப்பிடியில்தான் இருந்தது. ஆனால் சுற்றவில்லை.

மேளம் மாறியது. தூக்கினேன். கரை தாங்கியது. தாங்காமல் போயிருந்தால் இன்று உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். அன்றைக்கு யாரும் மறிக்கவில்லை, சேற்றில் நடை பிந்திவிட்டது, அவ்வளவுதான் என்று பிறகு ராசு சொன்னான்.

விஷயம் மேலே போகாமல் இருக்குமா? பெரிய இன்ஜினியர் கூப்பிட்டனுப்பினார். போனேன். மேஜைமேல் ஒரு தாள், பக்கத்தில் பென்சில்.

"ஷட்டரை நீயே இறக்கினியாமே?"

"ஆமா சார்."

"வெள்ளைக் கோடு தாண்டுச்சாமே?"

"ஆமா சார்."

"மறுபடி வந்தா?"

ஐயோ சார், சத்தியமா செய்யமாட்டேன் என்று சொல்லிவிடத்தான் போனேன். வீட்டில் புதுசாகக் கல்யாணமாகி வந்தவள் காத்திருக்கிறாள், வேலை போனால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் நினைப்பு ஓடியது. வாயைத் திறந்தேன். வேறு வார்த்தை வந்து விழுந்தது.

"அதுல என்ன தப்பு சார்?"

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நின்றேன். பென்சிலை மேஜைமேல் என் பக்கம் உருட்டிவிட்டார். "எனக்குத் தெரியலைய்யா. நீயே எழுது" என்றார்.

பென்சிலை எடுத்தேன். ஸ்லிப் என்று எழுதினால் பொய். கூஃப் என்று எழுதினால் கலியமூர்த்தியையும் சேர்த்துத் திட்டினதாகிவிடும். இரண்டும் இல்லை என்றால் வேறு என்ன? கை சும்மா இருக்காமல் தாளின் ஓரத்தில் ஏதோ கிறுக்கியது. பார்த்தால் ஒரு நடைபாலம். இரண்டு கரை, நடுவில் ஒரு தூண், மேலே பாடை தூக்குகிற நாலு பேர் போகிற அகலத்துக்கு ஒரு பலகை. அதை அப்படியே அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் தாளை எடுத்துப் பார்த்தார். "இது பாசனத்துக்குத் தொடர்பில்லாததாச்சேய்யா" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

"எஸ்டிமேட்டா எழுதி எடுத்துட்டு வா."

எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து ஸ்லிப்பா, கூஃபா என்று நான் அவரைக் கேட்கவில்லை.